கணவரைப் பிரிந்த பின் அரசு உதவிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்துள்ள கடிதங்களில் ஒரே பொருளைப் பற்றிய நான்கினை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்கள் வெளியிடப்படவில்லை.

கேள்வி: எனக்கு வயது 29. ஆம்பூரில் மாமியார் வீட்டில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். கணவரின் குடியையும் அடியையும் தாங்க முடியாமல், ஏழு வயது மகளையும் மூன்று வயது மகனையும் அழைத்துக்கொண்டு குடியாத்தத்தில் உள்ள என் தாய் வீட்டுக்கு மூன்று மாதங்களுக்கு முன் வந்துவிட்டேன். ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்துக்கொண்டிருந்த வேலையும் போய்விட்டது. இப்போது வீட்டிலேயே துணி தைத்து மாதம் ஐந்தாயிரம் ரூபாய் வரை சம்பாதிக்கிறேன். எங்கள் மூவரின் பெயரும் மாமியார் தலைவியாக உள்ள ரேஷன் கார்டில் இருக்கிறது. மகளிர் உரிமைத் தொகையும் அவருக்கே வருகிறது. "இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்று முத்திரைத்தாளில் எழுதிவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்கிறார்கள் பெரியவர்கள். "அம்மாவின் கார்டிலேயே உங்கள் பெயரைச் சேர்த்துவிடலாம்" என்கிறார் அண்ணன். நான் எதை முதலில் செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, முத்திரைத்தாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவற்றில் தவறு நேர்ந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம். அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டால் அதன் விளைவிலிருந்து மீள்வது கடினம். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வரும் திருமணத்தை நோட்டரி முன்னிலையில் எழுதப்படும் தாள் முறிப்பதில்லை. அதற்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். ஆகவே அந்தத் தாளால் உங்களுக்கு விவாகரத்து கிடைக்காது. ஆனால் இழப்பு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக நடைமுறையில் இருக்கிறது. பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிந்து வாழும் மனைவி கணவனிடம் ஜீவனாம்சம் கோர முடியாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அடி தாங்காமல் வெளியே வந்த ஒரு பெண்ணிடம் "சம்மதித்துப் பிரிகிறோம்" என்று எழுதி வாங்கினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் முதலில் நீட்டுவது அந்தத் தாளாகத்தான் இருக்கும். பெரியவர்கள் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் எந்தத் தாளிலும் இப்போது கையெழுத்திடாதீர்கள்.

அதற்குப் பதிலாக உங்களுக்குத் தேவைப்படுவது, நீங்கள் எப்போது, எந்தக் காரணத்தால், குழந்தைகளுடன் தனியே வந்தீர்கள் என்பதைத் தேதியுடன் காட்டும் அரசுத் தரப்புக் காகிதம். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த மனுவின் ரசீது, அடிபட்டபோது அரசு மருத்துவமனையில் பதிவான சீட்டு, மகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழில் உள்ள தேதி ஆகிய ஒவ்வொன்றும் அப்படிப்பட்ட காகிதம்தான். இவற்றில் வலுவானது ஜீவனாம்ச மனு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞரை அளிக்க வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் கூறுகிறது. குடியாத்தம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவையோ, வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். ஜீவனாம்ச மனுவை நீங்கள் இப்போது வசிக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பதால் ஆம்பூருக்கு அலைய வேண்டியதில்லை. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, கணவருக்கு அறிவிப்பு சென்று சேர்ந்த நாளிலிருந்து கூடுமானவரை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஜீவனாம்சத்தை மனு செய்த தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020இல் தீர்ப்பளித்திருப்பதால், தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கே நட்டம். தையலில் ஐந்தாயிரம் வருகிறது என்பதற்காக உங்கள் உரிமை போய்விடாது. தேவைக்குப் போதாத சிறு வருமானத்தைக் காட்டி ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது. குழந்தைகளின் ஜீவனாம்ச உரிமையும் உங்களுக்கு வருமானம் இருப்பதால் போய்விடாது.

அடியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதற்கென 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் மூலம் மனு செய்தால், பாதுகாப்பு ஆணை, பணநிவாரணம், குழந்தைகளின் இடைக்காலப் பொறுப்பு, உங்கள் நகைகளையும் சீர்வரிசையையும் திரும்பப் பெறும் ஆணை ஆகியவற்றை ஒரே மனுவில் கேட்கலாம். உடனடி உதவிக்கு எண் 181.

அடுத்தது குடும்ப அட்டை. அண்ணன் சொல்லும் வழி எளிதாகத் தோன்றும். அது உங்களுக்கு ஏற்ற வழி அல்ல என்பது என் கருத்து. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு குடும்பத் தலைவி என்ற கணக்கில் வகுக்கப்பட்டது. மாமியாரின் அட்டையில் இருந்தபோது அவர் பெற்றார். அம்மாவின் அட்டைக்குப் போனால் அம்மா பெறுவார், அல்லது ஏற்கெனவே பெற்றுக்கொண்டிருப்பார். இரண்டு இடத்திலும் நீங்கள் ஒரு உறுப்பினர் மட்டுமே. இது உரிமைத் தொகையோடு நிற்பதில்லை. அம்மாவின் அட்டையில் அண்ணனின் பெயரும் இருந்தால், வருமானச் சான்றுக்கு விசாரிக்க வருபவர் அண்ணனின் சம்பளத்தையும் சேர்த்தே குடும்ப வருமானம் என்று எழுதக்கூடும். அதன் பின் குழந்தைகளுக்கான உதவிக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் நீங்கள் தரும் விண்ணப்பங்கள், வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது என்று திரும்பி வரும். எனவே நீங்களும் இரு குழந்தைகளும் மட்டும் உள்ள தனி அட்டை கேளுங்கள். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், குடும்பத்தில் 18 வயது நிறைந்த மூத்த பெண்ணையே அட்டையின் தலைவராகக் கொள்ள வேண்டும் என்கிறது. உங்கள் மூவரில் அது நீங்கள்தான்.

இதில் இரண்டு தடைகள் வரும். முதலாவது, பழைய அட்டையிலிருந்து பெயர் நீக்குவது. இணையத்தில் அதைச் செய்ய முயன்றால் கடவு எண் (ஓ.டி.பி.) மாமியார் வீட்டுத் தொலைபேசிக்குத்தான் போகும். ஆதார் இணைக்கப்பட்டிருப்பதால், பழைய இடத்தில் பெயர் இருக்கும்வரை புதிய இடத்தில் ஏறாது. அவர்கள் ஒத்துழைக்கவில்லை என்று வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். சட்டப்படி விவாகரத்து ஆகாவிட்டாலும், கணவரைப் பிரிந்து வாழும் பெண்ணின் மனு மீது களவிசாரணை செய்து, பெயரை நீக்கித் தனி அட்டை வழங்கலாம். ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருப்பதை மறந்துவிடாதீர்கள். 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும், நம் பகுதியில் பலருடைய ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் "வேலூர் மாவட்டம்" என்றே அச்சாகியிருக்கிறது. ஒரே மாவட்டம்தானே என்று எண்ணி குடியாத்தத்தில் மட்டும் மனுக் கொடுத்தால், கோப்பு ஆம்பூர் வட்ட அலுவலகத்தின் பதிலுக்காகக் காத்துக் கிடக்கும். இரண்டு வட்ட வழங்கல் அலுவலகங்களுக்கும் ஒரே தேதியிட்ட மனுவைக் கொடுங்கள்; ஆம்பூருக்கு உரியதை விரைவு அஞ்சலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். அசைவு இல்லையென்றால், திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அந்த மனுக்களின் நகல்களோடு போய் நில்லுங்கள். உணவுப் பொருள் வழங்கல் துறையின் உதவி எண் 1967.

இரண்டாவது தடை சமையலறை. ஒரே வீட்டில் இரண்டு அட்டை கேட்டால், விசாரணைக்கு வருபவர் முதலில் அடுப்பைத்தான் பார்ப்பார். வீட்டின் ஒரு பகுதியில் உண்மையாகவே தனியே சமைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியில் நீங்கள் குழந்தைகளுடன் தனியே வசிப்பதாக அம்மாவிடம் ஒரு கடிதமும் வீட்டு வரி ரசீதின் நகலும் வாங்கி வைத்திருங்கள். விசாரணை நாளுக்காக மட்டும் ஒரு அடுப்பைக் கொண்டுவந்து வைக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை விசாரித்தாலே தெரிந்துவிடும்.

அட்டை வந்த பின், உரிமைத் தொகைக்கு அரசு விண்ணப்பம் பெறும்போது உங்கள் பெயரில் விண்ணப்பியுங்கள். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள்ளும், மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள்ளும், நிலமிருந்தால் நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பவை திட்டம் தொடங்கியபோது வகுத்த விதிகள். மறுக்கப்பட்டால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. உங்களுக்கு அது குடியாத்தம் கோட்டம்.

தொகையில் பெரியது குழந்தைகளுக்கான உதவிதான்; ஆச்சரியம் என்னவென்றால், அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. மிஷன் வாத்சல்யா என்ற திட்டத்தின் கீழ், தாய் கைம்பெண்ணாகவோ, விவாகரத்து பெற்றவராகவோ, குடும்பத்தால் கைவிடப்பட்டவராகவோ இருந்தால், குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு வழங்கப்படுகிறது. ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. உங்கள் வருமானம் ஆண்டுக்கு 60,000 என்பதால் இரண்டு வரம்புக்குள்ளும் அடங்குகிறீர்கள். கணவரின் சம்பளத்தைச் சேர்த்து எழுதிவிடாமல், நீங்கள் பிரிந்து வாழ்வதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் காகிதங்களோடு விளக்கி வருமானச் சான்று பெறுங்கள். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போதே, வருவாய்த் துறை வழங்கும் கைவிடப்பட்ட பெண் என்பதற்கான சான்றிதழுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். நிதி ஆதரவுக்கான மனு வேலூர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போக வேண்டும். ஆட்சியர் தலைமையிலான குழு ஒப்புதல் அளிக்கும். ஒதுக்கப்படும் நிதிக்கு உட்பட்டே வழங்குகிறார்கள் என்பதால், தகுதி இருந்தும் காத்திருக்க நேரலாம். பள்ளி வயதுக் குழந்தை ஒழுங்காகப் பள்ளிக்குப் போவது நிபந்தனை. மகளின் மாற்றுச் சான்றிதழைப் பழைய பள்ளி தராமல் இழுத்தாலும், அதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று யாரேனும் மறுத்தால் இந்தப் பிரிவை எடுத்துக்காட்டுங்கள்.

ஷூ கம்பெனி வேலை போனதால் இ.எஸ்.ஐ. மருத்துவமும் நீண்ட நாள் தொடராது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், புதிய அட்டையையும் வருமானச் சான்றையும் கொண்டு பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவு மையம் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே இருக்கிறது. அதே கம்பெனியில் பிடித்த பி.எஃப். பணத்துக்கு வாரிசுதாரராகக் கணவர் பெயரைக் கொடுத்திருப்பீர்கள். பெண் உறுப்பினர் தம் கணவரைக் குடும்பம் என்ற வரையறையிலிருந்து விலக்குவதாக ஆணையருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று அந்தத் திட்டத்தின் விதியே இடம் தருகிறது. பலரும் பயன்படுத்தாத விதி இது. குழந்தைகளை வாரிசுதாரர்களாக மாற்றிவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த வாரமே செய்ய வேண்டிய சிறிய வேலை ஒன்று உண்டு. உங்கள் ஆதாரிலும் குழந்தைகளின் ஆதாரிலும் எந்தக் கைபேசி எண் இருக்கிறது என்று பாருங்கள். கணவருடைய எண் என்றால் ஒவ்வொரு விண்ணப்பத்தின் கடவு எண்ணும் அவருக்கே போகும். விண்ணப்பம் நின்றுபோவது மட்டுமல்லாமல், நீங்கள் எங்கே என்ன கேட்கிறீர்கள் என்பதும் அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். ஆதார் மையத்தில் நேரில் கைரேகை வைத்து எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். பணம் வரவேண்டிய வங்கிக் கணக்கும் உங்கள் தனிப்பெயரில் இருக்கட்டும்.

கேள்வி: வாலாஜாபேட்டையில் வசிக்கிறேன். வயது 36. கணவர் விட்டுப்போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கைவிடப்பட்டோர் ஓய்வூதியம் கேட்டதற்கு நிராகரித்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் மனுக் கொடுத்தவருக்குக் கிடைத்திருக்கிறதே?

பதில்: கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியம் 2023 ஆகஸ்டு முதல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 30 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது அனைவருக்கும் தெரிந்திருக்கிறது. அடுத்த விதியில்தான் பலரும் இடறுகிறார்கள். சட்டப்படி விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்தில் சட்டப்படியான பிரிவு ஆணை பெற்றிருக்க வேண்டும், அல்லது கைவிடப்பட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். உங்களுக்குப் பின்னால் மனுக் கொடுத்து வாங்கியவரிடம் இம்மூன்றில் ஒன்று இருந்திருக்கும். பிரிந்த புதிதில்தான் ஒரு பெண்ணுக்குக் கையில் காசு வேண்டும்; ஐந்தாண்டு கழித்து வரும் ஓய்வூதியம் அந்தக் காலத்துக்கு உதவுவதில்லை என்ற உங்கள் ஆதங்கம் நியாயமானதே. அதுவரை இரு வழிகள் உண்டு. இலவச சட்ட உதவியோடு பிரிவு ஆணையோ விவாகரத்தோ கோரினால், தீர்ப்பு வந்த நாளிலேயே மறுபடி விண்ணப்பிக்கலாம். ஐந்தாண்டு நிறையக் காத்திருக்க வேண்டியதில்லை. வழக்கு வேண்டாம் என்றால், அவர் விட்டுப்போன நாளை நிறுவும் பழைய காகிதங்களை இப்போதே திரட்டி வையுங்கள். விண்ணப்பம் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகிறது; வாய்மொழியாகச் சொல்லும் தேதி அங்கே ஏற்கப்படாது. ஓய்வூதியமும் மகளிர் உரிமைத் தொகையும் சேர்ந்து கிடைக்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். உரிமைத் தொகையை (திட்டம் தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய்) இப்போது பெறுபவராக இருந்தால், உங்களுக்கு உண்மையில் கூடுவது இருநூறு ரூபாய்தான். கைம்பெண்கள் மற்றும் ஆதரவற்ற மகளிர் நல வாரியத்தில், கைவிடப்பட்டவர் என்ற முறையில் மாவட்ட சமூக நல அலுவலகம் வழியாகப் பதிவு செய்துகொள்வதும் நல்லது.

கேள்வி: பேர்ணாம்பட்டில் பீடி சுற்றுகிறேன். வயது 24, ஒரு பெண் குழந்தை. பெங்களூரில் வேலை செய்யும் கணவர் தொலைபேசியில் மூன்று முறை தலாக் சொல்லிவிட்டு, பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். ஜமாஅத்தில் சொன்னோம், அவர் வரவில்லை. நீதிமன்றம் போனால் எங்களுக்கு ஜீவனாம்சம் உண்டா?

பதில்: உண்டு. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்று 2019ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. அதனால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் இன்னும் மனைவிதான். அந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, உங்களுக்கும் குழந்தைக்கும் பிழைப்புப்படி (வாழ்க்கைச் செலவுக்கான தொகை) வழங்கக் குற்றவியல் நடுவர் ஆணையிடலாம். பொதுவான ஜீவனாம்சப் பிரிவும் இஸ்லாமியப் பெண்களுக்குப் பொருந்தும். மணமுறிவு பெற்ற பெண்ணும் அதைக் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 10 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. ஜமாஅத் நிர்வாகிகளிடம், நீங்கள் முறையிட்ட நாளையும் அவர் வராததையும் குறித்து முத்திரையுடன் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கைவிடப்பட்டதைக் காட்டும் தேதியிட்ட சான்றாக அது பயன்படும். ஓய்வூதியத்துக்கு 30 வயது ஆகவில்லை என்பதால் அந்தப் பக்கம் அலைய வேண்டாம். குழந்தைக்கான மாதம் 4,000 ரூபாய்க்கு, முதல் கேள்விக்குச் சொன்னபடி மனுச் செய்யுங்கள். வேலூர் மாவட்ட முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தையும் அணுகிப் பாருங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உங்கள் பெயரில் இருக்கிறதா? நம் பகுதியில் சுற்றுவது மனைவியாக இருந்தும் கணக்கு மாமியார் பெயரிலோ கணவர் பெயரிலோ ஓடுவது வழக்கம். அப்படியானால் உங்கள் உழைப்புக்குப் பதிவே இல்லை. மகள் பள்ளி சேர்ந்ததும் மத்தியத் தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவித்தொகையும் கிடைக்காது. இலை வாங்கும் இடத்தில் பாஸ்புத்தகத்தை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: காட்பாடியில் ஆட்டோ ஓட்டுகிறேன். மனைவி பிரிந்து போய்விட்டார். இரண்டு பிள்ளைகளும் என்னிடம். தாய்க்குத் தரும் உதவியைத் தனியே வளர்க்கும் தகப்பனுக்குத் தரமாட்டார்களா?

பதில்: உரிமைத் தொகையும் கைவிடப்பட்டோர் ஓய்வூதியமும் பெண்களுக்கென்றே வகுக்கப்பட்டவை, அவற்றில் உங்களுக்கு இடமில்லை. மிஷன் வாத்சல்யாவிலும் கைவிடப்பட்ட தாய் என்ற தலைப்பே வெளிப்படையாக இருக்கிறது. ஆனால் பொருளாதாரத்தாலும் உடல்நிலையாலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இயலாத பெற்றோர் என்ற தலைப்பும் அதில் உண்டு. உடல்நலக் குறைவு இருந்தால் மருத்துவச் சான்றோடு அதன் கீழ் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகளின் பெயரால் வருபவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை காலை உணவும் பத்தாம் வகுப்புவரை மதிய உணவும் உண்டு. வருமான வரம்புக்குள் இருந்தால் மருத்துவக் காப்பீடும் கிடைக்கும். அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பதிவு செய்து, பதிவைப் புதுப்பித்து வைத்திருந்தால், பிள்ளைகளின் கல்விக்கு அங்கிருந்து உதவித்தொகை பெறலாம். தொழிலாளர் நலத்துறையின் வேலூர் அலுவலகத்தில் விசாரியுங்கள். மனைவியின் பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து அவர் கேட்காமல் நீங்களாக நீக்க வேண்டாம். அவர் தனி அட்டைக்கு விண்ணப்பித்தால், மறுக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பெயர் எந்த அட்டையில் இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபட்டால், அதை வழங்கல் அலுவலகத்தில் வாதாடிப் பயனில்லை. பிள்ளைகளின் பொறுப்பைப் பற்றி நீதிமன்றத்தின் இடைக்கால ஆணை ஒன்றைப் பெற்று, அதன் நகலை அங்கே கொடுங்கள்.